மிதித்தவர்கள் விசுவாசத்தை விட்டவர்களா? நாகசாகியில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் வந்தால் எங்கள் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. குருவானவர் இல்லை, கோயில் இல்லை, பூசை இல்லை. அப்படியே ஏழு தலைமுறை தாக்குப்பிடித்த ஒரு சபையின் கதை. ஜப்பானில், நாகசாகி பக்கம். சொல்லி முடித்ததும் கைகள் எழும். கேள்விகள் எனக்குப் பழகிவிட்டன. என் பதில்கள்தான் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறிக்கொண்டே வருகின்றன. இந்த வருடத்துப் பதில்களை எழுதி வைக்கிறேன்.

ஜப்பானுக்குக் கிறிஸ்தவம் எப்படிப் போனது?

நம் கடற்கரை வழியாகப் போனது என்று சொன்னால் முழுப் பொய்யாகிவிடாது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் கை ஓயும் வரை திருமுழுக்குக் கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று, விண்ணேற்பு மாதா திருநாளில், தெற்கு ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். கூடவே அஞ்சிரோ என்ற ஜப்பானியர். சொந்த ஊரில் கொலைப்பழிக்குப் பயந்து கப்பலேறியவர். மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, 1548இல் கோவாவில் திருமுழுக்குப் பெற்றவர். அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. கடவுளுக்கு அஞ்சிரோ எடுத்துக்கொடுத்த சொல் ‘தைனிச்சி’. அது அங்கே ஒரு புத்தரின் பெயர். சவேரியார் தெருவில் நின்று “தைனிச்சியை வணங்குங்கள்” என்று கூவ, பௌத்தத் துறவிகள் நம்மாள்தான் போலிருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறார்கள். விஷயம் புரிந்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘தேயுஸ்’ என்ற வெளிநாட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தம்பிரான், சர்வேசுரன், தேவன், கடவுள் என்று நாம் பட்ட பாட்டை நினைத்தால் சிரிக்க முடியவில்லை.

சவேரியார் இரண்டே கால் வருடம்தான் அங்கே இருந்தார். 1551இல் கிளம்பிவிட்டார், அடுத்த வருடம் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். அவர் நட்டதைப் பின்னால் வந்த சேசுசபையார் வளர்த்தார்கள். 1563இல் ஓமுரா சுமிதாதா என்ற சிற்றரசர் திருமுழுக்குப் பெற்றார், அவர் ஆட்சிப் பகுதியில் நாகசாகி துறைமுகம் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஏறத்தாழ 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது பொதுவான கணக்கு.

பிறகு ஏன் தடை வந்தது?

துண்டு துண்டாகக் கிடந்த நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஆட்சியாளர்களுக்கு, தங்களுக்கு மேலே வேறொரு தலைவனை வணங்கும் குடிகள் உறுத்தலாக இருந்தார்கள். பாதிரியார் முன்னால் வருவார், பின்னால் படை வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பிலிப்பைன்சில் நடந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1587இல் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷி குருக்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாக்கா மேட்டில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து ஈட்டியால் குத்தினார்கள். அதில் லூயிஸ் என்ற பையனுக்கு 12 வயது. இன்னொருவர் கொன்சாலோ கார்சியா, மும்பைக்குப் பக்கத்து வசாயில் பிறந்தவர். 1862இல் இந்த 26 பேரும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டபோது, இந்திய மண்ணில் பிறந்த முதல் புனிதரானார் அவர். அல்போன்சாவைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரிவதில்லை.

1614இல் நாடு முழுக்கத் தடை. 1637இல் ஷிமாபாராவில் வரிக்கொடுமையும் பஞ்சமும் தாங்காத குடியானவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடம் ஹாரா கோட்டையோடு அழிக்கப்பட்டார்கள். 1639இல் போர்த்துக்கீசியருக்கும் கதவு அடைபட்டது. 1640களின் நடுவில் ஜப்பானிய மண்ணில் பூசை வைக்க ஒரு குருவானவர்கூட மிச்சமில்லை.

‘ஃபுமியே’ என்றால் என்ன?

மிதிபடம். சிலுவையில் தொங்கும் இயேசுவோ குழந்தையை ஏந்திய மாதாவோ பதித்த பலகை. ஊரார் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் வெறுங்காலால் ஏறி நிற்க வேண்டும். தயங்கினால் பிடித்துக்கொள்வார்கள். 1620களின் கடைசியில் நாகசாகியில் தொடங்கியது. முதலில் கிறிஸ்தவர்களிடம் பறித்த படங்களையே போட்டார்கள். கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து போகவே, 1669இல் 20 பித்தளைத் தகடுகள் புதிதாக வார்த்தார்கள். இருநூறு வருடக் கால்கள் பட்டு முகம் மழுங்கிப்போன தகடுகள் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியது, இது ஒருநாள் சோதனை இல்லை. நாகசாகியில் வருடாவருடம் புத்தாண்டை ஒட்டி நடக்கும். பொங்கல் வந்தால் வெள்ளையடிப்பது போல, வருடப்பிறப்பு வந்தால் மிதிக்க வேண்டும். கைக்குழந்தையின் காலையும் தாய் பிடித்து அதன்மேல் வைக்க வேண்டும்.

அப்படியானால் மிதித்தவர்கள் மறுதலித்தவர்கள்தானே? அவர்களை எப்படி உறுதியான விசுவாசிகள் என்கிறீர்கள்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒரு காலத்தில் நான் சுலபமாகப் பதில் சொன்னேன்: மிதிக்காமல் செத்தவர்கள் வேதசாட்சிகள், மிதித்தவர்கள் பலவீனர்கள், கடவுள் இரக்கமுள்ளவர். அவ்வளவுதான், அடுத்த கேள்வி.

இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. கணக்கைப் பாருங்கள். மிதிக்க மாட்டேன் என்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. இருநூறு வருடம் கழித்துக் கோயில் வாசலில் வந்து நின்ற கிறிஸ்தவர்கள் எல்லோரும் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒருத்தர் பாக்கியில்லாமல்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் பழைய செபப் புத்தகங்களில் ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என்று ஒன்று இருக்கும், பாட்டிமாருக்குத் தெரியும். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாத நேரத்தில், தண்டனைக்குப் பயந்து வருந்தாமல், கடவுளை நோகடித்துவிட்டோமே என்ற அன்பினால் மட்டும் வருந்தினால் பாவம் மன்னிக்கப்படும். பின்னால் குரு கிடைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்பது திருச்சபையின் பழைய போதனை. 1603இல், புயல் திரண்டுகொண்டிருந்த நேரத்தில், இதை விளக்கும் சிறு நூல் ஒன்றை ஜப்பானிய மொழியில் அச்சிட்டார்கள். ‘கொன்சிரிசான்’ என்று பெயர். மனஸ்தாபத்துக்கான போர்த்துக்கீசியச் சொல் ஜப்பானிய நாக்கில் ஆன கோலம். நாகசாகிப் பக்கத்து மறைந்த கிறிஸ்தவர்கள் அதைக் கையால் படியெடுத்துப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். மிதித்த நாளன்று வீடு திரும்பி அந்த மந்திரத்தைத்தான் சொன்னார்கள். சில வீடுகளில், மிதித்த காலைக் கழுவிய தண்ணீரைக் குடித்ததாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் செவிவழிக் கதையை நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மனஸ்தாபச் செபம் மட்டும் உறுதி.

ஆக, பாவம் என்று தெரிந்தே மிதித்தார்கள், பாவம் என்று தெரிந்தே அழுதார்கள், அடுத்த வருடமும் மிதித்தார்கள். ‘சும்மா ஒரு பித்தளைத் தகடுதானே’ என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் மூன்றாம் தலைமுறையிலேயே எல்லாம் கரைந்திருக்கும். நெஞ்சு குத்திக்கொண்டே இருந்ததால்தான் மந்திரம் மறக்கவில்லை. வேதசாட்சிகளைக் குறைத்து நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் உறுதி என்ற சொல்லை அவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கவும் மாட்டேன்.

ஓர் உபகதை. அந்நாளில் கியோத்தோ பக்கம் மறுதலித்தவர்களிடம் அதிகாரிகள் எழுதி வாங்கிய சத்தியப் பத்திரத்தின் வாசகம்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி, சாந்த மரியாள் பெயரால் சத்தியமாக நான் கிறிஸ்தவத்தை விட்டேன், மீறினால் யூதாசின் கதி எனக்கு வரட்டும். வேறு சாமி பெயரில் சத்தியம் செய்தால் இவர்கள் மீறிவிடுவார்கள் என்பது எழுதி வாங்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது!

பாதிரியாரே மறுதலித்தாராமே?

ஆமாம். கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா, சேசுசபையின் அந்நாட்டுத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1633 அக்டோபரில் அவரைத் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டார்கள். உடனே சாகாதபடி நெற்றியில் கீறிவிட்டு, சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியவிடும் சித்திரவதை. ஐந்து மணி நேரத்தில் கையசைத்துவிட்டார். பிறகு சவானோ சூவான் என்ற ஜப்பானியப் பெயரோடு, பிடிபட்டவர்களை விசாரிக்க உதவிக்கொண்டு வாழ்ந்தார்.

அதே நாட்களில் அதே சித்திரவதையில் தொங்கியவர் நகாவுரா ஜூலியன். சிறு வயதில் ஜப்பானியத் தூதுக்குழுவில் ரோமாபுரி வரை போய்ப் போப்பாண்டவரைப் பார்த்து வந்தவர். அப்போது 65 வயதை நெருங்கியிருந்தார். மூன்று நாளுக்கு மேல் தொங்கி உயிர்விட்டார். 2008இல் அருளாளரானார்.

இருவரில் யார் பெரியவர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் குழியை நான் பார்த்ததில்லை, அதனால் அந்தக் கேள்வியில் தலையிடுவதில்லை.

குருவானவர் இல்லாமல் ஒரு சபை எப்படி நடந்தது?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். தனி மனிதனின் நெஞ்சுரம் ஒரு தலைமுறை தாங்கும், ஏழு தலைமுறை தாங்காது. ஊர் தாங்கியது.

குருக்கள் இருந்த காலத்திலேயே ஊருக்கு ஊர் சபைகள் கட்டியிருந்தார்கள், நம் மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை மாதிரி. தடை வந்ததும் அந்தச் சபைகள் அப்படியே நிலத்தடிக்குப் போயின. நாகசாகியை ஒட்டிய உரக்காமி, சொத்தோமே பக்கம் மூன்று பொறுப்புகள் இருந்தன. முதலாமவர் நாள்காட்டிக்காரர்: இந்த வருடம் தவக்காலம் எப்போது, பாஸ்கா எப்போது, எந்த நாளில் ஊசி தொடக்கூடாது, எந்த நாளில் எருவில் கை வைக்கக்கூடாது என்று கணக்குப் பார்த்துச் சொல்வார். இரண்டாமவர் தண்ணீர்க்காரர்: பிறந்த பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர். மூன்றாமவர் செய்திக்காரர்: நாள்காட்டிக்காரர் சொன்னதை வீடு வீடாகக் காதோடு காதாகச் சேர்ப்பவர். கோயில் மணி கிடையாது, இவர்தான் மணி.

கேட்கும்போது நமக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். முத்துக்குளித்துறையில் சவேரியார் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டுப் போனார். செபம் சொல்லிக்கொடுப்பதும், அவசரத்துக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும், பிறப்பு இறப்புக் கணக்கு வைப்பதும் அவர் வேலை. இன்றும் நம் கடற்கரை ஊர்களில் உபதேசியார் இல்லாமல் ஒன்றும் நகராது. சாமியார் மாறுவார், உபதேசியார் வீடு மாறாது.

நாள்காட்டிக்குப் பின்னால் பாஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியாரின் பெயர் சொல்லப்படுகிறது. 1634ஆம் வருடத்துத் திருவழிபாட்டு நாள்காட்டியைச் சந்திரமானத்துக்கு மாற்றி வைத்தவர் என்பது மரபு. அவர் சொன்னதாக ஒரு வாக்கும் உண்டு: ஏழு தலைமுறை வரை நீங்கள் என் பிள்ளைகள், அதன் பிறகு பெரிய கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு வருவார், வாரம்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், தெருவில் உரக்கப் பாடிக்கொண்டு போகலாம். ஏழு தலைமுறையை எண்ணிக்கொண்டே காத்திருந்தார்கள்.

திருமுழுக்குத் தண்ணீருக்கும் ஒரு கதை. இக்கித்சுக்கி தீவுக்காரர்கள் பக்கத்திலுள்ள நாகாயே என்ற ஆளில்லாத சிறு தீவுக்குப் படகில் போவார்கள். 1620களில் கிறிஸ்தவர்கள் வெட்டப்பட்ட இடம் அது. பாறையிடுக்கில் செபம் சொன்னால் கசியும் நீரைக் குப்பியில் பிடித்து வருவார்கள்.

பௌத்த கோயிலில் பெயர் பதிந்துகொண்டார்களாமே? அது இரட்டை வேடம் இல்லையா?

பதியாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்த கோயிலின் குடி என்று அந்தக் கோயில் சான்று தர வேண்டும் என்பது சட்டம். ஐந்து ஐந்து வீடாகச் சேர்த்து, ஒரு வீட்டுக் குற்றத்துக்கு ஐந்து வீட்டையும் பொறுப்பாக்கியிருந்தார்கள். கல்யாணம், சாவு எல்லாம் கோயில் பதிவில் ஏற வேண்டும். செத்தால் பௌத்தக் குருக்கள் வந்து சூத்திரம் ஓதித்தான் அடக்கம்.

அப்போது பக்கத்து அறையில் இன்னொரு செபம் நடக்கும். ஓதப்படும் சூத்திரத்தைச் செல்லாததாக்குவதற்கென்றே ஒரு செபம் வைத்திருந்தார்கள். பெயரே ‘சூத்திர அழிப்பு’. கன்னோன் என்பது பௌத்தரின் கருணைத் தெய்வம். குழந்தையை ஏந்திய சீன வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலையை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை மாதாவாக வணங்கினார்கள். அதிகாரி வந்தால் அது கன்னோன், அவர் போனதும் மாதா.

இரட்டை வேடம் என்றால் இரட்டை வேடம்தான். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருநூறு வருடம் போட்ட வேடம் உடம்போடு ஒட்டாமல் இருக்காது. சில ஊர்களில் ஊர்த்தெய்வமும் புத்தரும் மாதாவும் ஒரே வீட்டில் மெய்யாகவே குடியேறிவிட்டார்கள். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

அர்த்தம் தெரியாத செபம் ஒரு செபமா?

அவர்கள் செபத்துக்குப் பெயர் ‘ஒராஷோ’, லத்தீன் சொல்லின் திரிபு. இக்கித்சுக்கியில் பாடப்படும் ‘குருரியோசா’ என்ற பாட்டு, ‘ஓ குளோரியோசா தோமினா’ என்ற மாதா கீர்த்தனை என்று பின்னாளில் ஆராய்ந்து கண்டார்கள். பாடியவர்களுக்கு அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.

என் பாட்டி சாகும் வரை “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்றுதான் சொன்னார். ‘அருள் நிறைந்த’ என்று மாற்றிச் சொல்லிக்கொடுத்தபோது, அது வேறு மாதா என்றார். பிரியதத்தம் என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது. செபமா இல்லையா என்று நீங்கள் போய் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

1865இல் என்ன நடந்தது?

நாடு வெளிநாட்டாருக்குத் திறந்த பிறகு, நாகசாகியில் குடியிருந்த வெளிநாட்டாருக்காக மட்டும் பிரெஞ்சுக் குருக்கள் ஓவுராவில் ஒரு கோயில் கட்டினார்கள். ஜப்பானியருக்குத் தடை நீடித்தது. 1865 மார்ச் 17 மதியம் சுமார் பதினைந்து பேர் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். பெர்னார் பெத்திஜான் என்ற குருவானவர் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே நற்கருணை முன் முழந்தாளிட்டார். பெண்ணொருத்தி அவர் அருகே வந்தாள். பெயர் யூரி, உரக்காமிக்காரி. எங்கள் எல்லோருடைய மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்றாள். அடுத்த கேள்வி: சாந்த மரியா சுரூபம் எங்கே?

அவர் மாதா பீடத்துக்கு அழைத்துப் போனார். கையில் இயேசு பாலன் இருப்பதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாள், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்த வருடம் சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாள்தான். ரோமாபுரியோடு இரண்டு நூற்றாண்டு கடிதப் போக்குவரத்துகூட இல்லாத ஊரின் நாள்காட்டிக்காரர் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பிள்ளைகளிடம் நான் எந்த அற்புதத்தையும் இவ்வளவு நிம்மதியாகச் சொல்வதில்லை.

பின்னால் வந்தவர்கள் இன்னும் இரண்டு கேள்வி வைத்திருந்தார்கள். ரோமாபுரியின் பெரிய தலைவர் பெயர் என்ன? உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா? இல்லை என்றதும் தரையில் விழுந்து கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். மாதா, போப்பாண்டவர், துறவு: இந்த மூன்றையும் வைத்து உண்மையான குருவை அடையாளம் காணுங்கள் என்று முன்னோர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதோடு கஷ்டம் முடிந்ததா?

பெரிய கஷ்டமே அதற்கப்புறம்தான். ஒளிந்திருந்தவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. 1867இல் உரக்காமியில் சாவு விழுந்தபோது பௌத்தக் குருக்களைக் கூப்பிடாமல் தாங்களே அடக்கம் செய்தார்கள். ஜூலையில் ஒரு நள்ளிரவு மழையில் அதிகாரிகள் புகுந்து 68 பேரைப் பிடித்தார்கள். சித்திரவதையில் கிட்டத்தட்ட எல்லோரும் மறுதலித்துவிட்டார்கள். தாக்காகி சென்யெமோன் என்ற ஒரு குடியானவர் மட்டும் அசையவில்லை.

மறுதலித்தவர்கள் வீடு திரும்பினார்கள். வீட்டுக்குள் விடவில்லை. மனைவியும் தாயும் முகம் பார்க்கவில்லை. பிறகு அவர்கள் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய், நாங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், மறுபடி கிறிஸ்தவர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்தான், சேவல் கூவியது, அழுதான். அதையே இவர்கள் அலுவலக நடைமுறையாக, மனு கொடுத்துச் செய்தார்கள்.

1868இல் ஆட்சி மாறியது, புதிய அரசும் தடையை விடவில்லை. இரண்டு வருடத்துக்குள் உரக்காமியின் 3,300க்கும் மேற்பட்ட பேரை, குடும்பம் குடும்பமாகப் பல சிற்றரசுகளுக்கு நாடுகடத்தினார்கள். சென்யெமோன் போன சுவானோவில், மூன்றடிக் கூண்டில் ஆளை அடைத்தார்கள், பனி உறைந்த குளத்தில் இறக்கினார்கள். கோத்தோ தீவுகளில் ஹிசாக்கா என்ற தீவில் சுமார் 200 பேரை ஒரு சின்ன வீட்டளவு இடத்தில் எட்டு மாதம் நெருக்கி அடைத்தார்கள். நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன ஜப்பானியத் தூதுக்குழுவுக்குப் போன இடமெல்லாம் இதைப் பற்றிய கேள்வி. 1873 பிப்ரவரி 24 அன்று தடைப் பலகைகளைக் கழற்றினார்கள். நாடுகடத்தப்பட்டவர்களில் அறுநூறு பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

உரக்காமிக்காரர்கள் அந்த வருடங்களை எப்போதும் ‘பயணம்’ என்றே சொன்னார்கள். திரும்பி வந்து, வருடாவருடம் தாங்கள் மிதிபடத்தில் ஏறி நின்ற ஊர்த்தலைவர் வீட்டு மனையை விலைக்கு வாங்கிக் கோயிலாக்கினார்கள்.

மறைந்திருந்த எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பினார்களா?

இல்லை. பெரும் பகுதி திரும்பவில்லை என்று சொல்லும் ஊர்களும் உண்டு, இக்கித்சுக்கி அப்படி. முன்னோர் காட்டிய வழி இதுதான், வெள்ளைக்காரச் சாமியார் சொல்வது வேறு என்றார்கள். ‘ககுரே’ (மறைந்தவர்) என்ற பெயர் இன்று குறிப்பாக இவர்களுக்கே வழங்குகிறது. இனி மறைய வேண்டியதில்லை என்ற பிறகும் அறைக்குள் வைத்தே வணங்கினார்கள், மறைவே வழிபாடாகிவிட்டது. இளையவர்கள் நகரத்துக்குப் போக, ஒராஷோ தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இவர்களை வழிதவறியவர்கள் என்று சொல்வோர் உண்டு. முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்ததை ஒரு சொல் மாற்றாமல் காப்போம் என்று நின்றவர்களை உறுதியற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இதில் தீர்ப்பு இல்லை, வருத்தம் மட்டும் உண்டு.

அணுகுண்டு விழுந்த உரக்காமியும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். 1945 ஆகஸ்ட் 9, காலை 11.02. கோயிலில் விண்ணேற்பு மாதா திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் போனார்கள். ஏழு தலைமுறை காத்திருந்து கிடைத்த பாவசங்கீர்த்தனம். இதற்கு மேல் இந்தப் பதிலை நான் நீட்டுவதில்லை, வகுப்பிலும்.

நம் பக்கம் இப்படி நடந்ததுண்டா?

யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், அடைக்கலம் கொடுப்பது குற்றமானது. ஏறத்தாழ முப்பது வருடம் குருவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார் என்பார்கள். சில்லாலை ஊரார் அவரை ஏற்று ஒளித்துக் காத்தார்கள். நாகசாகியில் சனம் குருவைச் சோதித்தது, இங்கே குரு சனத்தைச் சோதித்தார்.

குமரி மாவட்டத்துத் தேவசகாயம் வேறு வகை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒளிவுமறைவே கிடையாது. பிள்ளைகளுக்கு அவரைத்தான் பிடிக்கும், எனக்கும் அந்த வயதில் அவரைத்தான் பிடித்தது.

வேலை செய்யும் இடத்தில் நான் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்களைப் போல மனதுக்குள் வைத்திருந்தால் போதாதா?

அவர்கள் மனதுக்குள் மட்டும் வைத்திருந்ததில்லை என்பதை மேலே படித்திருப்பீர்கள். தண்ணீர் எடுக்கப் படகு வலித்தார்கள், ஊசி தொடாத நாளை எண்ணினார்கள், பிள்ளைக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களைக் குழியில் தொங்கவிட யாரும் காத்திருக்கவில்லை. வீடு வாடகைக்குக் கிடைக்காது, பக்கத்து மேசைக்காரர் ஏதாவது சொல்வார் என்ற பயம். அந்தப் பயமும் பொய்யில்லை, அதை அனுபவித்தவன்தான் நானும். ஆனால் உதாரணத்துக்கு இவர்களை இழுக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: இந்த வருடம் சாம்பல் புதன் எந்தத் தேதி?

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

2018இல் இந்த இடங்களில் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஓவுரா கோயிலில் யூரி கேட்ட அந்தச் சுரூபம் இன்றும் இருக்கிறது. நிஷிசாக்காவில் 26 பேருக்கு நினைவுச் சின்னம் உண்டு. உரக்காமியில் குண்டில் தப்பிய மாதாவின் மரத்தலையை, கண் இருந்த இடம் கருகிக் கிடக்கும் அதே கோலத்தில் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் சொத்தோமே போங்கள். அங்கே மலைக்காட்டுக்குள் ஒரு சின்ன ஷிந்தோ கோயில் இருக்கிறது, பெயர் கரேமாட்சு. பாஸ்தியானின் குரு என்று சொல்லப்படும் சான் ஜுவானுக்காக ஊரார் எழுப்பியது. வெளியே பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏறும் வழியில் பெரிய பாறை ஒன்று முன்பக்கம் சரிந்து, அடியில் சிலர் ஒடுங்கி உட்காரும் அளவு இடம் விட்டிருக்கும். துக்க காலத்து இரவுகளில் அங்கே உட்கார்ந்துதான் பெரியவர்கள் சின்னவர்களுக்கு ஒராஷோ சொல்லிக்கொடுத்தார்கள், விளக்கில்லாமல், மெதுவான குரலில்.